பின்பக்கமாக நடக்கும் நாந்தாவும் ஒன்பது காபியும்

1986 மார்ச் 3 — 50,000 லிரா
1986 ஏப்ரல் 19 — 50,000 லிரா
1986 மே 11 — 1,00,000 லிரா
1986 செப்டம்பர் 27 — 5,400 லிரா

முதல் மூன்றும் அபராதம். நான்காவது, ஒன்பது காபியின் விலை. அபராதங்களை நாந்தா சிரித்துக்கொண்டே கட்டிவிட்டாள். அவளுடைய பிழைப்பையே கவிழ்க்கப் பார்த்தது அந்தக் காபிதான்.

நாந்தா என்று லெச்சே நகரமே கூப்பிடும் ஃபெர்னாந்தா ஸ்பெதிகாத்தோ, பேராலயச் சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்தவள். முப்பத்திரண்டு வயதுவரை ஒரு பித்தான் கடையில் நின்று காலுறை விற்றாள். 1974 ஆகஸ்டில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் மதிய நேரத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் கடைக்குள் எட்டிப் பார்த்துக் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். கடையில் அந்த வசதி இல்லை. சாந்தா குரோச்சே கோயில் பக்கத்துக் காபிக்கடையில் உண்டு. வழிகாட்ட வாசல்வரை வந்தவள், தெருமுனைவரை போனாள். தெருமுனையில் ஒரு மாளிகையின் பால்கனியைத் தாங்கிக்கொண்டிருக்கும் கல் குதிரைகளைக் காட்டாமல் எப்படி மேலே போவது? குதிரையைக் காட்டினால் அதற்கு எதிரே நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் முகத்தையும் காட்ட வேண்டுமே. மாலை ஏழு மணிக்குத்தான் திரும்பினாள். கடை அதுவரை திறந்தே கிடந்தது. முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அந்த டென்மார்க்கு அம்மாள் கடைசியில் கழிப்பறைக்குப் போனாரா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் மறுநாள் காலை அவர் தன் விடுதியிலிருந்து இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு நாந்தாவின் வீட்டு வாசலில் நின்றார்.

நாந்தாவின் தொழில் தொடங்கியது இப்படித்தான்.

அவள் ஊரைக் காட்டும் முறை வேறு யாருக்கும் வராது. பின்பக்கமாகவே நடப்பாள். முகம் விருந்தாளிகள் பக்கம், முதுகு போகிற திசையில்.

"மூஞ்சியப் பாக்காம எப்படிப் பேசுறது கும்பா?" என்பாள் என்னிடம். "முதுகக் காட்டிக்கிட்டுப் பேசுறது கழுதைக்கு முன்னாடி போற வண்டிக்காரன் வேலை."

என் மகளுக்கு அவள் ஞானத்தாய். அதனால் அவளுக்கு நான் கும்பா, எனக்கு அவள் கும்மா. எங்களூரில் இந்த உறவு, கூடப்பிறந்ததைவிட ஒரு படி மேல்.

பின்பக்கமாக நடப்பவளுக்கு வழி யார் பார்ப்பது? தெருவே பார்த்தது. "படி, நாந்தா!" என்று மாடியில் துணி உலர்த்துகிறவள் கத்துவாள். "வலது பக்கம் ஸ்கூட்டர்!" என்று முடிதிருத்துபவர் கத்தியும் கையுமாக வாசலில் நின்று கூவுவார். "அக்கா, நாய் படுத்திருக்கு, தாண்டுங்க!" அவளும் பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், காலை மட்டும் தூக்கித் தாண்டிவிடுவாள். பன்னிரண்டு ஆண்டில் ஒரு தடவைகூட அவள் விழுந்ததில்லை.

விழுந்தவர்கள் விருந்தாளிகள்தான். எங்கள் லெச்சேக் கல் தேன் நிறம். வெட்டும்போது வெண்ணெய் மாதிரி இளகும். பிறகு வெயிலில் இறுகும். அவ்வளவு மென்மையான கல் கையில் கிடைத்ததும் பழைய காலத்துச் சிற்பிகளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விட்டது. சுவர் முழுக்க மாதுளம்பழம், திராட்சைக் குலை, கன்னம் உப்பிய குழந்தைகள், இறக்கை முளைத்த சிங்கம், வாலில் முடிச்சுப் போட்ட பெண். நாந்தா கையை நீட்டி, "மேலே, இன்னும் மேலே, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, அண்ணாந்தவர்களுக்குத் தலை சுற்றிவிடும். நான் நிலப்பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் 1981 மே மாதம் முதல் இந்தக் கூட்டத்தின் வாலாகச் சேர்ந்தேன். தலைகளை எண்ணுவதும், சாய்கிறவர்களைப் பிடிப்பதும் என் வேலை. பெரும்பாலும் கனமானவர்களாகத்தான் சாய்வார்கள்.

1986இல் ஒரு புதிய விதி வந்தது. தேர்வு எழுதி, அட்டை வாங்கியவர்கள் மட்டுமே வழிகாட்டலாம். மற்றவர்களுக்கு அபராதம். அபராதம் எழுத வேண்டிய நகரக் காவலர் ரோக்கோ லெயூச்சி, நாந்தாவின் மாடியில் ஒண்டுக் குடித்தனம் இருப்பவன். மார்ச் 3ஆம் தேதி, ஒரு கூட்டத்தின் நடுவே வந்து தொப்பியைக் கழற்றினான்.

"நாந்தாக்கா, கோவிச்சுக்காதீங்க. மேலிடத்து உத்தரவு."

"எழுதுடா ராசா. பேரத் தப்பில்லாம எழுது. போன தடவ வாடகைப் பணம் வச்ச கவர்மேல என் பேரையே கொல பண்ணிட்ட."

எழுதி முடித்துக் கையில் கொடுத்தான். பிறகு எல்லோரும் மீனோவின் காபிக்கடைக்குப் போனோம். காபி குடித்துவிட்டு நாந்தா காசு கொடுக்கப் போனால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மீனோ, "ஆச்சு" என்றான். அபராதம் எழுதிய அதே கை, போகிற வழியில் அவளுடைய காபிக்கும் காசு வைத்துவிட்டுப் போயிருந்தது.

எங்கள் ஊரில் இது சாதாரணம். கடைக்குள் தெரிந்த முகம் இருந்தால், அந்த முகத்தின் காபிக்கு நாம் முதலில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததும் நிற்கக் கூடாது, போய்விட வேண்டும். யார் கொடுத்தது என்று கல்லாக்காரன் சொல்ல மாட்டான். மிஞ்சினால் முகவாயை அசைத்துக் காட்டுவான், அதுவும் நெருங்கியவர்களுக்கு மட்டும். நாந்தாவோடு வருகிறவர்களோ தெருவே கூவிக் கூவி நடத்தி வந்த கூட்டம். ஆகவே அவர்கள் தெருவின் விருந்தாளிகள். பெல்ஜியத்துக்காரர்களும் ஜெர்மன்காரர்களும், காபி இந்த ஊரில் இலவசம் என்று நினைத்துக்கொண்டே ஊர் திரும்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது அபராதத்துக்குப் பிறகு நாந்தா தேர்வுக்குப் பேர் கொடுத்தாள். ஜூலையில் பாரி நகரத்துக்குப் போய் எழுத்துத் தேர்வு எழுதி, நூலிழையில் தேறினாள். மிச்சம் இருந்தது நடைத் தேர்வு. தேர்வாளர் ஒருவர் விருந்தாளி மாதிரி கூடவே நடந்து மதிப்பெண் போடுவார். தேறாவிட்டால் நாந்தாவின் நடை அதோடு சரி. நாற்பத்து நான்கு வயதில் மறுபடி காலுறை விற்கப் போக வேண்டும். அதுவும் அந்தக் கடை ஏற்றுக்கொண்டால்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாரி அலுவலகத்திலிருந்து தேர்வாளர் வந்தார். எர்மான்னோ வெத்ஸானி, ஆல்ப்ஸ் அடிவாரத்துக்காரர், ஒல்லி. மே மாதத்திலிருந்து மழையே பெய்யாத ஊருக்குள் குடையோடு வந்தார். படித்தவர், உத்தியோகஸ்தர், கண்ணாடி போட்டவர் எல்லோரும் எங்களுக்குத் 'தொத்தோரே'தான், இவர் மூன்றும்.

"நடை எவ்வளவு நேரம் ஆகும்?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு மணி நேரம், தொத்தோரே" என்றாள் நாந்தா.

எனக்கு இருமல் வந்துவிட்டது.

பதினொன்றரை மணிக்கு நாங்கள் கிளம்பிய இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தோம். ஆனால் எல்லாம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. வெத்ஸானி ஒரு தடவை சிரித்தார் என்றே சொல்லலாம். வெளிறிய மனிதர், வெயில் வேறு. மீனோவின் கடைக்குள் நுழைந்து எல்லோரும் காபி குடித்தோம். வெத்ஸானி கல்லாவுக்குப் போனார்.

"எவ்வளவு?"

"ஆச்சு, தொத்தோரே."

"என்ன ஆச்சு?"

"காபி."

"நான் இன்னும் குடுக்கலையே."

"அதான் ஆச்சுன்னேனே."

"யார் குடுத்தது?"

மீனோ கூரையில் சுற்றிய விசிறியைப் பார்த்தான்.

வெத்ஸானியின் முகம் கல்லானது. தேர்வாளர் யாரிடமிருந்தும் எதையும் பெறக் கூடாது என்பது விதி. அவர் நாந்தாவிடம் திரும்பினார். "சிஞ்ஞோரா, இது உங்க வேலையா?"

"ஐயோ, எங்க ஊரக் காக்குற ஒரொன்சோ புனிதர் மேல சத்தியமா நான் இல்ல தொத்தோரே! நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டு நின்னேன். கல்லாப் பக்கமே போகல."

"அப்போ இன்னொரு காபி குடுங்க" என்றார் மீனோவிடம். "இதுக்கு நான் குடுக்குறேன்." ஒரே மடக்கில் குடித்தார். "எவ்வளவு?"

"அதுவும் ஆச்சு, தொத்தோரே."

அவர் ஆயிரம் லிராத் தாளைக் கல்லாவின்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். மீனோ ஓடிவந்து அவர் சட்டைப்பையில் திணித்தான். "தொத்தோரே, காச மறந்துட்டீங்க!"

கடைக்குள் திரும்பி வந்து, மூன்றாவது காபிக்கு வெத்ஸானி தந்திரம் செய்தார். குடிப்பதற்கு முன்பே காசை நீட்டினார்.

"வேணாம் தொத்தோரே. உங்க பேர்ல இன்னும் ரெண்டு காபி நிக்குது."

"என் பேரு உங்களுக்குத் தெரியாதே!"

"குடைக்காரருக்குன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க."

நிற்கிற காபியை வீணாக்கினால் கொடுத்தவனுக்கு அவமானம் என்று மீனோ சொன்னதால் அந்த இரண்டையும் அவர் குடித்தார். பிறகு வேறு கடைக்குப் போனார். அங்கேயும் ஆகியிருந்தது. அடுத்த கடையில், பாதாம் பால் ஊற்றிய பனிக்கட்டிக் காபி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், சாதாரணக் காபி போதும், காசை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அந்தச் சாதாரணக் காபியும் ஆகியிருந்தது. அவர் தேர்வாளர் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பயந்து விலகியிருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அவர் நாந்தாவோடு வந்த, காபி தேவைப்படுகிற ஒரு வெளிறிய மனிதர். கடைக்குக் கடை ஓட ஓட அவர் இன்னும் வெளிறினார். அதனால் இன்னும் கொடுத்தார்கள்.

மொத்தம் ஒன்பது. சாந்தா குரோச்சே கோயிலுக்கு முன்னால் வந்து நின்றபோது அவருடைய குடை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"மேலே பாருங்க தொத்தோரே" என்றாள் நாந்தா. "இன்னும் கொஞ்சம் மேலே."

அவர் பார்த்தார். கோயில் முகப்பில் பால்கனியைத் தோளில் சுமக்கும் மனிதர்கள், நடுநடுவே பறவையும் மிருகமும் கலந்த உருவங்கள்.

"அந்தக் கழுகு இறங்கி வருதே" என்றார் மெதுவாக. அடுத்த கணம் என் கைகளில் இருந்தார். கனமே இல்லை.

தேர்வு அங்கேயே நிறுத்தப்பட்டது.

அக்டோபர் 20ஆம் தேதி பதிவுத்தபால் வந்தது. தேர்வாளருக்கு ஒன்பது முறை கையூட்டு அளிக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவர்கள் யார், எதற்காக என்பதை ஜனவரி 31க்குள் தெரிவிக்காவிட்டால் நாந்தாவின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. அதுவரை நடை கூடாது.

நாந்தா மீனோவின் கல்லா முன்னால் போய் நின்றாள்.

"யாருய்யா குடுத்தது? ஒன்பது பேரு. சொல்லித் தொல."

"சொன்னா நாளைக்கு எவன் வருவான் என் கடைக்கு? பாவசங்கீர்த்தனக் கூண்டுல கேட்டத சாமியாரு வெளிய சொல்வாரா?"

"ஓகோ, உன் கடை கோயிலா?"

"கோயில்ல ஏது இவ்வளவு கூட்டம்?"

"மீனோ, என் சோத்துல மண் விழுதுடா."

மீனோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான்தான் கொடுத்தேன் என்று முன்னால் வந்து சொல்வது எங்களூரில் தெருவில் சட்டையில்லாமல் நிற்பது மாதிரி. வாய் திறக்க முடியாதவர்கள் தங்கள் வருத்தத்தை வேறு வழியில் காட்டினார்கள். நாந்தா எந்தக் கடையில் நுழைந்தாலும் அவள் காபி ஆகியிருந்தது. நவம்பர் முழுக்க அவள் தூங்கவில்லை.

நடை இல்லாததால் எல்லோரையும்போல் முன்பக்கமாக நடக்க வேண்டிவந்தது. அது அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. யாரும் கூவாததால் இரண்டு முறை தபால்பெட்டியில் மோதினாள். ஒரு தடவை பாதிரியார்மேல்.

"கண்ணு தெரியலையா அம்மா?" என்றார் அவர்.

"கண்ணு தெரியுது சாமி. அதான் பிரச்சனை" என்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் பாரிக்குத் தொலைபேசியில் பேசினாள். "தொத்தோரே, நீங்களே ஒரு நாள் வந்து புடிங்க. எனக்குப் புடிக்கத் தெரியல."

நேரில் விசாரிக்க விதியில் இடம் இருந்தது. வெத்ஸானி ஜனவரி 17, சனிக்கிழமை வந்தார். எந்த வண்டியில் வருகிறார் என்று சொல்லவில்லை. நானும் நாந்தாவும் மீனோவின் கடையில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தோம். வடக்குக் காற்று தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு நோவொலி ஊர்ச் சொக்கப்பனைக்குப் போய்விட்டு வந்த பாதிப் பேர் புகை வாசனையோடு அரைத் தூக்கத்தில் காபிக்கு நின்றார்கள். கதவு திறந்தது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஒருவர் உள்ளே வந்தார். குடையும் வந்தது.

எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நேரே போய், "டீ" என்றார்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்களூரில் டீ என்பது வயிற்றுவலிக்காரர்கள் குடிப்பது. யாரும் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. வெத்ஸானி அதை நன்றாக யோசித்துத்தான் கேட்டிருக்கிறார். குடித்தார். கல்லாவுக்குப் போனார். கையில் சரியான சில்லறை.

மீனோ தலையைத் தொங்கப்போட்டான். "ஆச்சு, தொத்தோரே. உடம்பு சுகமில்ல போலிருக்குன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

வெத்ஸானி எங்கள் மேசைக்கு வந்து தொப்பியைக் கழற்றி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நான் உங்களோட வரல" என்றார் நாந்தாவிடம். "என்னை யாருக்கும் தெரியாது. அப்படியும் குடுத்துட்டாங்க."

"அதத்தான் தொத்தோரே நான் மூணு மாசமா அழுதுக்கிட்டு இருக்கேன்."

"லஞ்சம் இல்லன்னு எனக்கு இப்போ தெரியுது. ஆனா வாங்கினது வாங்கினதுதானே? இருபத்தாறு வருஷ உத்தியோகத்துல ஒரு பென்சில்கூட ஓசியில வாங்கினதில்ல சிஞ்ஞோரா. 'எதுவும் பெறவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் உங்க தேர்வு செல்லும். ஒன்பது காபிய உள்ள வச்சுக்கிட்டு எப்படிப் போடுவேன்? இப்போ ஒரு டீ வேற."

"திருப்பிக் குடுத்துடுங்க."

"யாருக்கு? பேரே தெரியாதே!"

நாந்தா அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பேரு எதுக்கு? இங்க எவன் குடுத்தவனுக்குத் திருப்பிக் குடுத்தான்? உங்க காபிக்கு நீங்க குடுக்க முடியாது தொத்தோரே. பொறந்ததுலேர்ந்து நானே குடுத்ததில்ல. அடுத்தவன் காபிக்குத்தான் குடுக்கணும். அதோ நிக்கிறான் பாருங்க ஒரு தடியன், அவனுக்குக் குடுங்க."

வெத்ஸானி யோசித்தார். உதடு அசைந்தது. "பெற்றது பத்து. கொடுத்தது பத்து. நிலுவை இல்லை." அவர் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. எழுந்து கல்லாவுக்குப் போய், முகவாயால் அந்தத் தடியனைக் காட்டிக் காசை வைத்தார். மீனோ அதை எடுத்துக் கல்லாவில் போட்டான். லெச்சேயில் வெத்ஸானி கொடுத்த முதல் காசு அது.

அந்தத் தடியன் நம் ரோக்கோ. சீருடையில் இருந்தான். காபியை முடித்துவிட்டுக் கல்லாவுக்கு வந்தான்.

"ஆச்சு" என்றான் மீனோ.

கொடுத்ததும் போய்விட வேண்டும் என்பதை நாங்கள் வெத்ஸானிக்குச் சொல்ல மறந்துவிட்டோம். அவர் அங்கேயே நின்று, முப்பத்திரண்டு பல்லும் தெரிய ரோக்கோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?" என்று அலறினான் ரோக்கோ. "விருந்தாளி எனக்குக் குடுக்குறதா? மீனோ, அவருக்கு ஒரு காபி! நான் குடுக்குறேன்! எனக்கு மானம் போகுது!"

"ஓடுங்க தொத்தோரே!" என்று கத்தினாள் நாந்தா. "வாங்கிட்டீங்கன்னா கணக்கு மறுபடி ஏறிடும்!"

ஓடினோம். நாந்தா முன்னால், வெத்ஸானி நடுவில், குடையோடு நான் வாலில். பின்னால் ரோக்கோவின் விசில்.

அடுத்த கடைக்குள் புகுந்தோம். வெத்ஸானி கல்லாவில் காசை வீசி, "அந்தச் சிவப்புத் துப்பட்டா அம்மாவுக்கு! மீசைக்காரருக்கும்!" என்று சொல்லிவிட்டுப் பறந்தார். இப்போது பிடித்துக்கொண்டார், நிற்கவே இல்லை. ஆனால் சிவப்புத் துப்பட்டா அம்மாள் கெட்டிக்காரி. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். "பிடிங்க அந்தாளை! எனக்குக் காபி வாங்கிக் குடுத்துட்டு ஓடுறான்!" இன்னொரு கடை. மூன்று காபி. அடுத்த கடை. இரண்டு காபி. துரத்துகிற கூட்டம் பெருகியது. எதற்குத் துரத்துகிறோம் என்று தெரியாமலே நோவொலிப் புகைக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பேராலயத்துப் பக்கச் சந்தில் திரும்பும்போது நாந்தாவால் முடியவில்லை. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. ஓடிக்கொண்டே திரும்பினாள், முகம் எங்கள் பக்கம், முதுகு காற்றின் பக்கம்.

"தொத்தோரே, இடது பக்கம் மேல பாருங்க! இந்தப் பால்கனியக் கட்டினவனுக்கும் எதிர்வீட்டுக்காரனுக்கும் ஆகாது. அதான் இவ்வளவு பெரிய வாய வச்ச மூஞ்சி! பாத்தீங்களா அந்தப் பல்ல?"

"பாத்தேன்! படி!" என்று கத்தினார் வெத்ஸானி.

அவள் காலைத் தூக்கித் தாண்டினாள்.

"அந்தக் குழந்தைய பாருங்க, மாதுளம்பழத்துல சாஞ்சுக்கிட்டு! சிற்பி தன் மகனையே வச்சுச் செதுக்குனான்னு எங்க தெருவுல சொல்லுவாங்க, நம்பணும்னு அவசியமில்ல!"

"வலது பக்கம் வண்டி! சிஞ்ஞோரா, வலது! இன்னும் உள்ள வாங்க! நாய்!"

நாயையும் தாண்டினாள். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. நாந்தா மறுபடி பின்பக்கமாகப் போகிறாள் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. துணி உலர்த்துகிறவள் கைதட்டினாள். முடிதிருத்துபவர் பாதிச் சவரத்தில் இருந்த ஆளோடு வாசலுக்கு வந்தார். வெத்ஸானி அந்த நுரை முகத்துக்காரரைச் சுட்டிக்காட்டி, பக்கத்துக் காபிக்கடை ஜன்னல் வழியாகக் காசைப் போட்டார். "ஒன்பது!" என்று கத்தினார். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி!"

பத்தாவது சாந்தா குரோச்சே பக்கத்துக் கடையில் முடிந்தது. யாருக்கு என்று கேட்டபோது, "அடுத்து யார் வர்றாங்களோ அவங்களுக்கு" என்றார். கல்லாவில் இருந்த பெண், இவர் எங்களூர்க்காரர்தானோ என்று ஒரு தடவை பார்த்தாள்.

கோயில் முன்னால் மூவரும் மூச்சு வாங்க நின்றோம். குடையை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அன்னிக்கு அந்தக் கழுகு இறங்கி வந்துச்சு" என்றார். "இப்போ அசையாம நிக்குதே."

"இந்தக் காத்துல எது இறங்கும் தொத்தோரே? கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

அவர் சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. சிரித்து முடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து செப்டம்பர் மாதத்துப் படிவத்தை எடுத்தார். பாதியில் நின்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"இந்த முகப்பைக் கட்ட எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஏறக்குறைய நூத்தம்பது. அப்பன் ஆரம்பிச்சு, மகன் செதுக்கி, பேரனும் போய்ச் சேர்ந்துதான் முடிஞ்சுது."

"நடை எவ்வளவு நேரம்?"

நாந்தா என்னைப் பார்த்தாள். நான் இருமவில்லை.

"தெரியாது தொத்தோரே" என்றாள். "அன்னிக்கு ரெண்டு மணி நேரம்னு சொன்னது பொய். பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட முடிஞ்சதில்ல. பசிக்கும், இருட்டும், அவங்க ரயிலுக்குப் போயிடுவாங்க. நான் பாதியில நின்னுடுவேன்."

அவர் எழுதினார். அதற்குள் ரோக்கோவும் சிவப்புத் துப்பட்டாவும் மீசைக்காரரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

"ஒரு காபி, தொத்தோரே! ஒரே ஒரு காபி!" என்று கெஞ்சினான் ரோக்கோ. "இல்லேன்னா ராத்திரி தூக்கம் வராது."

"குடிச்சாத்தான் தம்பி தூக்கம் வராது" என்றார் வெத்ஸானி. "என் கணக்கு நேராயிடுச்சு. ஒரு சொட்டுக்கூட வேண்டாம். வேற யாருக்காவது குடுங்க."

நான் அவரை ரயிலேற்றப் போனேன். நிலையத்துக் கடையில் அவர் தண்ணீர் வாங்கியபோது என் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றேன். அந்தக் கடைக்காரர் வெளியூர், ஃபோஜ்ஜாக்காரர். மறுபேச்சில்லாமல் காசை வாங்கிக்கொண்டார். வெத்ஸானிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

பிறகு பாரியிலிருந்து கடிதம் வந்தது. ரோக்கோவே தபால்காரரிடமிருந்து பிடுங்கி, தெரு நெடுகக் கத்திக்கொண்டு கொண்டுவந்தான். உள்ளே பச்சை நிற அட்டை, நாந்தாவின் படத்தோடு. அதில் 'வழிகாட்டும் பகுதி' என்ற இடத்தில் 'லெச்சே, பழைய நகரம்' என்றும், 'நடையின் கால அளவு' என்ற இடத்தில் 'கணிக்க இயலாது' என்றும் எழுதி முத்திரை வைத்திருந்தார்கள். அவள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ஒரொன்சோ புனிதர் சதுக்கத்துத் தூணுக்கடியில் குளிரில் நின்ற நான்கு ஸ்வீடன்காரர்களிடம் போய், முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்று, "மேலே பாருங்க" என்றாள். நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்றேன்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1987 பிப்ரவரி 9, திங்கட்கிழமை.